தொப்பிப் பெட்டிக்கு ஒரு டிக்கெட்

பஸ்ஸில் இரண்டு டிக்கெட் வாங்குவாள் நாச்சியார்.
ஒன்று தனக்கு, ஒன்று தொப்பிப் பெட்டிக்கு.
அதில் தொப்பி இருந்து நான் பார்த்ததில்லை.
ஒரு தடவை பீடோர் சடக்கில் வண்டி குலுங்கி
மூடி திறந்துகொண்டது.
உருண்டதெல்லாம் பேரீச்சங்கொட்டை.
பஸ்ராவில் தின்றதாம், பதினோரு வருஷமாச்சாம்.
நட்டால் முளைக்குமா என்று கேட்டேன்.
"முளைக்காது. அதனால்தான் வைத்திருக்கிறேன்."

சீன மருந்துக்கடை மாடியில் குடியிருந்தாள்.
பட்டுச்சேலைக்குக் கீழே ஆம்பளை பூட்ஸ்.
ஆ லோக் கோப்பிக்கடையில் பசியாற வந்தால்
கடலுக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போடுவாள்.
கடலோ
நாற்பது மைலுக்கு அந்தப் பக்கம்.

மாதம் ஒரு கடிதம் வரும்,
காரைமேடு ஜமீன், அரக்கு முத்திரை.
நான் நீட்டுவேன். என் பேனாவைக் கேட்பாள்.
'அப்படி ஒருவர் இங்கில்லை' என்று
முத்து முத்தாக உறைமேல் எழுதி
என்னிடமே திருப்பித் தருவாள்.
சர்க்கார் சம்பளம் வாங்கும் நானும்
அந்தப் பொய்மேல் முத்திரை குத்துவேன்.

விடியுமுன் தோட்டத்துப் பெரட்டில்
வரிசையின் கடைசியில் நிற்பாள்.
கிராணி கதிரேசு பெயர்களைக் கூப்பிட்டு முடித்து
"உங்க பேரு பட்டியல்ல இல்லீங்களே" என்பார்.
"தெரியும். இல்லாததைக் கேட்கத்தான் வந்தேன்."

அங்கேதான் ஒருநாள் செங்கம்மா,
காண்டாவை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு,
"காரைமேடா நீங்க?
எங்கப்பா அந்த ஊருதான்.
குத்தகை பாக்கின்னு மாட்டை ஓட்டிட்டுப் போனது
உங்க ஆளுங்க.
அதுக்கப்புறந்தான் கப்பலு" என்றாள்.
குரலை உயர்த்தவில்லை.
நிரைக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

சமர்கந்து பார்த்தவள்,
பாலைவனத்தில் தனியாகக் கூடாரம் அடித்தவள்,
பின்னாலேயே போனாள்.
ஒரு நிரை முழுக்க மங்கு துடைத்துக் கொடுத்தாளாம்,
தப்புத் தப்பாய்.
செங்கம்மா அத்தனையையும் மறுபடி துடைத்தாளாம்.
பால் எடுக்கும் நேரத்தில்தான் வாய் திறந்தாளாம்:
"மாடு என்ன நிறம்?"
"மயிலை."

அடுத்த கடிதம் வந்தபோது
என் பேனா வெகுநேரம் அவள் கையில் இருந்தது.
பின்னால் மணியார்டருக்கு நாலு பேர்
செருமிக்கொண்டு நின்றார்கள்.
உறைமேல் எழுதியிருந்தது:
'ஒரு மயிலைப் பசு பாக்கி. அனுப்பவும்.'
கீழே, முதல்முறையாக,
கோமளவல்லி என்று கையெழுத்து.

குத்தி அனுப்பினேன்.
அதன்பிறகு அங்கிருந்து தபால் இல்லை.
செங்கம்மாவிடம் சொன்னேன்.
"பசு இந்நேரம் உசிரோடயா இருக்கும்?" என்று
வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் இப்போதும் இரண்டு டிக்கெட்தான்.
கண்டக்டர்தான் புதுசு,
பெட்டிக்கு அரை டிக்கெட் போதாதா என்று
வாரா வாரம் மல்லுக்கட்டுகிறான்.