இரண்டு மிளகு

எங்கள் புதுச் சமையலறையில் கைப்பிடியே கிடையாது.
அழுத்தினால் திறக்கும், இன்னொரு தரம் அழுத்தினால் மூடும்.
கொராஸ்த் ஆறே வாரத்தில் கட்டி முடித்தான்.
வெள்ளைப் பலகை, வெள்ளைக் கதவு, வெள்ளை விளக்கு.
உப்பு எங்கே என்று
சுவரைத் தட்டித் தட்டித்தான் கேட்க வேண்டும்.

அதனால்தான் அந்த நவம்பர் ஞாயிறு,
லுப்லியானிட்சா ஆற்றின்மேல் பனி ஆடைகட்டிக் கிடக்க,
கரைநெடுக விரித்திருந்த பழம்பொருள் மேசைகளில்
நான் தேடப் போனது
பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று.

எழுபதுகளின் ஆரஞ்சு நிறம்
பனிக்குள்ளிருந்தும் கூப்பிடுகிறது.
எனாமல் கெட்டில், முட்டைக் கிண்ணம்,
ஏனோ மூடி மட்டும் பச்சையான சர்க்கரை டப்பா.
ஒரு தராசில் என் கையுறையை வைத்துப் பார்த்தேன்.
ஐம்பத்தைந்து கிராம்.
"அதில் இருபது பொய்" என்றார் சிரில்,
விற்கிற அவசரமே இல்லாமல்
வெண்டைக்காய் அளவு சுருட்டைப் பற்றவைத்தபடி.
"கழிக்கத் தெரியுமில்லையா?"

தெரியும். ஆனாலும் வாங்கவில்லை.
தராசுக்குப் பின்னால் அது இருந்தது.
மரப்பெட்டி. தலையில் பித்தளைக் கவிகை.
அடியில் தீப்பெட்டிபோல் ஒரு குட்டி இழுப்பறை,
அதற்கொரு குமிழ்,
ஆம், குமிழ்!
பெட்டியின் இரண்டு பக்கமும் மழமழவென்று தேய்ந்திருந்தன.
யாரோ நாற்பது வருஷம்
தொடைகளுக்கு நடுவே இடுக்கி வைத்துச் சுற்றியிருக்கிறார்கள்.
முப்பத்தைந்து யூரோ என்றார்.
இருபது என்றேன்.
அவர் ஆற்றைப் பார்த்தார், நானும் ஆற்றைப் பார்த்தேன்.
இருபத்தெட்டுக்குப் படிந்தது.

பாலத்தருகே உர்ஷ்காவின் மண்கலங்கள்.
ஒரே மாதிரி ஆறு கோப்பை கேட்டேன்.
"ஆறு இருக்கு. ஒரே மாதிரிதான் இல்லை" என்றாள்,
நகக்கண்ணில் களிமண்ணோடு.
சாம்பல் நீலத்தில் ஒன்றை எடுத்தேன்.
மெருகு காயும் முன்பே தூக்கிவிட்டாளாம்,
விளிம்பின் கீழே அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது.
என் விரல் அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை,
கொஞ்சம் பெரிது.
பரவாயில்லை, அவள் இடத்தில்
நான் ஓரமாய்ப் பிடித்துக்கொள்வேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும்
என் தொடைகள் தாமாகவே பெட்டியை இடுக்கிக்கொண்டன.

முதல் காப்பி.
கொராஸ்த் ஒரு வாய் குடித்து இருமினான்,
கண்ணில் நீர்.
நானும் குடித்தேன்.
மிளகு!
அந்தப் பெட்டி காப்பிக்கொட்டையைக் கண்டதே இல்லை.
முன்னே இருந்தவள் (அவன் என்கிறான் கொராஸ்த்,
தொத்திறைச்சி அடைக்கிறவனாக இருக்குமாம்)
அதில் அரைத்ததெல்லாம் மிளகுதான்.

பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டினான்.
பழைய பல் தூரிகையால் பல்சக்கரம் தேய்த்தான்.
ஜன்னலில் இரண்டு நாள் காயவைத்தான்.
மிளகு அசையவில்லை.
காலையில் எழுந்ததும் திட்டிக்கொண்டே குடித்தோம்,
மூக்கு விடைக்க, காது சிவக்க,
அடுப்போரம் நின்றபடி.
திட்டுவதற்காகவாவது
அந்த அறையில் பத்து நிமிஷம் சேர்ந்து நின்றோம்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை.
காப்பி வெறும் காப்பியாக இருந்தது.
அவன் கோப்பைக்குள் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து போய்ச் சுவரை அழுத்தினான்.
தட்டுகள்.
அழுத்தினான். குப்பைக்கூடை.
அழுத்தினான். ஒன்றுமில்லாத ஓர் அலமாரி,
எதற்குக் கட்டினோம் என்று அவனுக்கே தெரியாதது.
நான்காவதில் மிளகு கிடைத்தது.
எண்ணி இரண்டு,
பித்தளைக் கவிகையைத் திறந்து உள்ளே போட்டான்.

சுற்றும்போது, முதுகைத் திருப்பியபடி,
சத்தத்துக்கு மேலே கேட்டான்:
"அந்தச் சுருட்டுக்காரரிடம்
குமிழ் மட்டும் தனியாகக் கிடைக்குமா?"

எத்தனை வேண்டும் என்றேன்.

சுற்றுவதை நிறுத்தினான்.
பதினான்கு வெள்ளைக் கதவுகளையும் ஒருமுறை பார்த்தான்.

"இப்போதைக்கு ஒன்று."