பதினோராம் பெட்டி

இரவு மூன்று பத்து. ஈசூன்.
திரையில் பதினாறு பச்சைக் கோடுகள்
பதினாறு பேரின் தூக்கத்தை எழுதிக்கொண்டிருந்தன.
பதினொன்று மட்டும் அலறியது.

ஓடினேன்.
குவெக் ஐயா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
தூக்கம் வரவில்லை, வேறென்ன செய்ய என்றார்
நுரை வழிய, ஹொக்கியன் கலந்த ஆங்கிலத்தில்.
பிரஷ் அசைய, கை அசைய,
மார்பில் ஒட்டிய கம்பிகள் அசைய,
இயந்திரம் அதை
உயிர் போகும் தாளமென்று படித்துவிட்டது.

இன்றிரவின் நாற்பத்தோராவது மணி அது.
நாற்பத்தொரு முறை புலி வருது.
மார்ச்சில் ஒருநாள் நிஜமாகவே வந்தது.
அதற்குள் என் காது பழகிப்போயிருந்தது.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

குவெக் ஐயாவுக்குக் காலில்தான் சீழ்.
சேர்த்த அன்று பொட்டாசியம் ஏறியிருந்ததால்
பெட்டியை மாட்டினார்கள்.
பொட்டாசியம் மறுநாளே இறங்கிவிட்டது.
பெட்டியை இறக்கத்தான் யாருக்கும் நினைவில்லை.
ஐந்து நாள்
சட்டைப் பையில் அதைச் சுமந்தபடி
கழிப்பறைக்குப் போய்வருகிறார்.
நிம்மதியாகப் புரண்டு படுத்ததில்லை.
ஒட்டுகளுக்கடியில் தோல் சிவந்து அரிக்கிறது.

டாக்டர் இளம்பரிதியை அழைத்தேன்.
இருந்துவிட்டுப் போகட்டுமே, சிஸ்டர், என்ன நஷ்டம்?
சாயங்காலம் மகனும் அதையேதான் சொன்னான்:
இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு.

எதைத் தேடுகிறோம், டாக்டர்?

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
ஒரு கொட்டாவி.
சரி. எடுத்துவிடுங்கள்.

ஐந்து ஒட்டுகளை உரித்தேன்.
ஒவ்வொன்றும் இரண்டு நரைமுடியைப்
பிடுங்கிக்கொண்டு வந்தது.
பெட்டியைத் துடைத்து, புது பேட்டரி போட்டு
ஹஃபிசா ஒன்பதாம் படுக்கைக்கு எடுத்துவைத்தாள்.
கோப்பிக்கடையில் மயங்கி விழுந்த பெண்,
கையில் தட்டோடு விழுந்தாளாம்,
கீழே அவசரப் பிரிவில் நான்கு மணிநேரமாக
ஒரு பெட்டிக்காகக் காத்திருக்கிறாள்.

குவெக் ஐயா வெறும் மார்பைத் தடவிப் பார்த்தார்.
இனி இதை யார் பார்த்துக்கொள்வது?

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தேன்.
முழுதாக ஒரு நிமிடம்.
எழுபத்திரண்டு என்றேன்.
அவர் நம்பவில்லை.
மறுபடி எண்ணச் சொன்னார்.
எழுபது.
குறைந்துவிட்டதே என்றார்.
தூக்கம் வருகிறது, அதனால் என்றேன்.
அது உண்மையா என்று தெரியாது.
ஆனால் தூங்கிவிட்டார்,
ஐந்து நாளில் முதல்முறையாக இடப்பக்கம் திரும்பி.

திரையில் பதினோராம் இடம்
யாரையும் பயமுறுத்தாத கறுப்பு.
கண் அங்கேயே போய்ப்போய் வந்தது.

நாலு ஐம்பதுக்கு
அங்கே ஒரு கோடு முளைத்தது,
தயங்கி, பாய்ந்து, மறுபடி தயங்கி,
வேறொருத்தியின் கையெழுத்தில்.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.