கட்டைவிரல் அகலம்

ஷென்யாங்கில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும்.
நூடுல்ஸ் கடைக்கு மேலே மாலை வகுப்பு.
ஜன்னலில் பனி
உள்பக்கமும் உறைந்திருக்கும்.
பதினோரு பேர்.
டாக்ஸி ஓட்டுபவர் இருவர், முடி திருத்தும் பெண் ஒருத்தி,
சூப்பர் மார்க்கெட் மூடியதால் வேலை போன
கல்லாக்காரி நான்.

முதல் மாதம் ஊசி உடம்பைத் தொடவேயில்லை.
மடித்த காகிதக் கட்டு,
பிறகு சோப்பு,
பிறகு வாளித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிள்.
ஆப்பிள் அமிழாமல் குத்த வேண்டும்.
என் ஆப்பிள் தினமும் மூழ்கியது.

அதன் பிறகு சொந்தக் கால்.
முழங்காலுக்குக் கீழே 'மூன்று லீ';
களைத்தவனை இன்னும் மூன்று லீ
நடக்கவைக்கும் என்பார்கள்.
குத்தியபோது எழுந்து ஓடலாம் போலத்தான் இருந்தது.

பேருந்தில் நின்றபடி பெயர்களை உருப்போட்டேன்.
முழங்கையில் வளைந்த குளம்.
பிடரியில் காற்றின் குளம்.
உள்ளங்காலில் பொங்கும் ஊற்று.
குன்லுன், அத்தனை பெரிய மலைத்தொடர்,
கணுக்காலுக்குப் பின்னே ஒரு சிறு குழியில்.
கண்ணுக்கு நேர் கீழே 'கண்ணீர் ஏந்தி'.
அதற்குப் பெயர் வைத்தவர் வைத்தியராக மட்டும்
இருந்திருக்க மாட்டார்.

புதிய பாடத்தில் எல்லாம் எண்கள்.
மண்டைத் தோலில் கோடு ஒன்று, கோடு இரண்டு;
ஊசிக் காம்பைக் கவ்வும் மின்கிளிப்,
நொடிக்கு இரண்டு துடிப்பு, அல்லது நூறு.
எண்கள் எனக்குச் சட்டென்று ஒட்டின.
கை மட்டும் இருட்டில்
குளத்தையும் மலையையும் தேடியது.

"உங்க விரல் இல்ல! படுத்திருக்கிறவர் விரல்!"
ஆசிரியை மியாவ் கத்துவாள்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
ஒரு சுன் என்றால் அங்குலம் அல்ல;
எவர் உடம்போ
அவர் கட்டைவிரலின் அகலம்.
எண் சாண் உடம்பு என்றால்
யாருடைய சாண் என்று
அதுவரை நான் கேட்டதில்லை.

அன்று என் ஜோடி தெங் போலின்.
பழக வேண்டியது 'ஹெகு',
பள்ளத்தாக்குகள் கூடும் இடம்:
கட்டைவிரல் ஒரு மலை, சுட்டுவிரல் ஒரு மலை,
நடுவே சதைமேடு.
வலது கையை மேசைமேல் வைத்தார்.
ஒரு மலைதான் இருந்தது.

பதினாறு வருடம் கல்லாவில்
முகங்களைப் பார்க்காமல் கைகளையே பார்த்தவள்,
அன்று எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"பிரஸ் மெஷின்" என்றார். "ஒரு வெள்ளிக்கிழமை."
நான் கேட்கவில்லை.
"விரல் போனது சரி. நகம் வலிக்குது.
ரொம்ப நாள் வெட்டாத மாதிரி
ராத்திரியில வளர்ந்து வளர்ந்து குத்துது."

மியாவ் வந்து பார்த்தாள். கத்தவில்லை.
"வலத்துல நோவுன்னா இடத்துல குத்து.
ரொம்பப் பழைய முறை" என்றாள்,
அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

இடக் கட்டைவிரலைத் தொட்டு அகலம் பார்த்தேன்.
தடித்த விரல்; தழும்பில்லை;
நகம் ஒட்ட வெட்டியிருந்தது.
நகத்தின் மூலையில் ஒன்று, பட்டும் படாமலும்.
பள்ளத்தாக்கில் ஒன்று, ஆழமாக.
முறுக்கினேன். கொஞ்சம் தூக்கினேன். இறக்கினேன்.
ஒன்றுமில்லை. வெறும் சோப்பு.
இன்னொரு முறை.
ஊசி கனத்தது,
உள்ளேயிருந்து யாரோ
பிடித்துக்கொண்ட மாதிரி.

"வந்துச்சா?"
"வருது" என்றார். மூச்சை நிறுத்திக்கொண்டு,
"ஆனா இங்க இல்ல."

வலக்கைக்குப் பக்கத்தில்
மேசையின் வெற்றிடத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
கீழே கடையில் யாரோ
மிளகாய் எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
இருபது நிமிடம் ஊசி இருக்க வேண்டும்.
இன்றிரவு அந்த நகம் தூங்கவிடுமா,
எனக்குத் தெரியாது.

ஆவி பறக்கும் என் தேநீர்ப் புட்டி
சரியாக அந்த இடத்தில் இருந்தது.
எடுத்துத்
தள்ளி வைத்தேன்.