அரைப் பேர்

பதுளை ஆஸ்பத்திரி, பக்டீரியா அறை.
இரவு இரண்டேகாலுக்கு
மூன்றாவது போத்தலும் மணியடித்தது.
இரத்தத்தில் ஏதோ இருக்கிறது.
சாயம் பூசிப் பார்த்தால்
ஊதா மணிகள், அறுந்த மாலையாக.
தட்டில் விதைத்தால்
ஒன்றுமே முளைக்கவில்லை.

சீட்டில்: சந்தனமேரி, முப்பத்தொன்பது, ஒன்பதாம் வாட்டு.
காய்ச்சல், ஆறு கிழமை.
தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல், பிறகும் பனடோல்.
உடைந்த கடைவாய்ப் பல்லொன்று.
எக்கோவில், வால்வின் இதழில்
பாசித் துணுக்கு மாதிரி ஒன்று ஆடுவதாக
டொக்டர் ஹேமாலின் கோணல் எழுத்து.

"கிருமியின் பேர் என்ன?" காலையில் போன்.
"பேர் இன்னும் இல்லை."
சொல்லி முடிக்குமுன் சுருக்கென்றது.
எங்கள் லயத்தில்
பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
அம்மா அரைப் பேரோடு வந்த நாட்களில்
தேங்காய் துருவும் சத்தம் கேட்காது.

மூன்றாம் நாள்
படித்த காலத்துப் பாடமொன்று ஞாபகம் வந்து
அதே கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி
குறுக்கே வேறொன்றை, சாதாரணப் புண் கிருமியை,
ஒரே கோடாக இழுத்துவிட்டேன்.
விடிந்தபோது
கோட்டின் இரு கரையிலும்
பனித்துளியிலும் சிறிய புள்ளிகள்.
கோட்டை விட்டு விலகிய இடமெல்லாம் வெறுமை.
தனக்கென்று சமைக்கத் தெரியாதது,
பக்கத்து அடுப்பில் கையேந்தி உயிர் வளர்ப்பது,
அதுதான் ஒரு மனுஷியின்
இதயக் கதவை அரித்திருக்கிறது.

கொழும்புக்கு அனுப்பினோம், பேர் வந்தது.
மருந்து மாற்றினார்கள். ஆறு கிழமை ஊசி.

இரத்தம் எடுக்கப் போன அன்று கேட்டாள்:
"அதுக்குப் பேரு என்னா, மிஸ்?"
அபியோட்ரோஃபியா டிஃபெக்டிவா என்றேன்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், நாக்கு இடறிற்று.
பிறகு விரல் மடித்து எண்ணினாள்.
"எனக்கு அறுபத்திரெண்டு பேரு போச்சு.
இதுக்கு மட்டும் இம்புட்டு நீளமா?"
சிரித்தாள். பாதியில் மூச்சு வாங்கியது.

வால்வு இன்னும் முழுசாக மூடுவதில்லை.
ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் பின்னே ஒழுகுகிறது.
கண்டியில் ஆபரேஷன் பட்டியல்,
அவளுக்கு முன்னால் நூற்றுப் பதினாறு பேர்.

தட்டை ஆட்டோகிளேவுக்குள் வைக்குமுன்
ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன்.
மூடியில் நான் எழுதியதில்
ஸ்பிரிட் பட்டுப் பாதி அழிந்து
'சந்தன' மட்டும் மீதி.