அதான்

சுவிசேஷங்களில் சின்னது
பழைய தோல்சுவடிகளில் சட்டென்று நின்றுவிடுகிறது.
கல் புரண்டு கிடக்கிறது. மூன்று பெண்கள் ஓடுகிறார்கள்.
ஒருவரிடமும் சொல்லவில்லை.
கடைசி வார்த்தை, கிரேக்கத்தில், வெறும் இணைப்புச் சொல்.
'ஏனெனில்' மாதிரி ஒன்று.
அப்படியும் ஒருவர் எழுதி முடிப்பாரா?
கடைசித் தாள் கிழிந்திருக்கும் என்றார் ஒரு பேராசிரியர்.
எழுதும்போதே கைதாகியிருப்பார் என்றார் இன்னொருவர்.
என் எம்.டிஎச். ஆய்வேடு அந்த ஒரு சொல்லைப் பற்றி.
நூற்றெண்பது பக்கம். முடிவுரை சுமார்.

வாரநாளில் கிரேக்கம் நடத்துகிறேன்.
ஞாயிறுக்கு எர்ணாவூர், அஸ்பெஸ்டாஸ் கூரைச் சபை,
நாற்பத்தியொரு குடும்பம்,
சாம்பல் புகுந்து இரண்டு கட்டை பேசாத கீபோர்டு.

பெரிய வியாழனன்று செயலர் மாசிலாமணி வந்தார்.
"பாஸ்டரம்மா, அந்தக் கடைசிப் பன்னெண்டு வசனம்
பின்னாடி யாரோ சேத்ததுன்னு
போன வருஷம் மாதிரி சொல்லிடாதீங்க.
ஜனங்க எதையோ ஒண்ணப் புடிச்சிக்கினு நிக்குது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.
ஆனால் அந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது
விசுவாசி விஷம் குடித்தாலும் ஒன்றும் ஆகாதென்று.
ஜன்னலுக்கு வெளியே கழிமுகம்
துருநிறத்தில் அசையாமல் கிடந்தது.
எங்கள் தெருவில் அதைக் குடித்துப் பார்த்தாயிற்று, ஐயா.
உங்கள் மச்சானுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.
சொல்லவில்லை. காபி கொடுத்தேன்.

சனி ராத்திரி எப்சிபாவும் நானும்
பீடத்துக்குச் சம்பங்கி கட்டினோம்.
ஆலையில் ஒப்பந்தத் துப்புரவு அவளுக்கு.
நூலைப் பல்லில் கடித்தபடியே பேசினாள்:
"மாசி மாசம் தொட்டிக்குள்ள எறங்குன பையன்,
குடிச்சிட்டு வழுக்கி உழுந்தான்னு எழுதிக்கிறாங்க.
அவன் குடிக்க மாட்டான். மாஸ்க்கே குடுக்கல.
நான் பாத்தேன். கோமளா பாத்துச்சு,
நூர்ஜகான் அக்கா பாத்துச்சு. ஓடியாந்துட்டோம்."

யாரிடமாவது சொன்னீர்களா என்றேன்.

"சொல்லல."
அடுத்த பூவை எடுத்தாள்.
"பயமாருந்துச்சு. அதான்."

அதான்.
அதற்கப்புறம் ஒன்றும் வரவேண்டியதில்லை.
எந்தத் தாளும் கிழியவில்லை.
என் நூற்றெண்பது பக்கத்தை
இவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள் என்று
முதலில் தோன்றியது எனக்கு. சந்தோஷமாகக்கூட இருந்தது.
ஒரு பையன் செத்ததைச் சொல்கிறாள்,
நான் இலக்கணம் பார்க்கிறேன்.

தூக்கம் வரவில்லை.
உடல் எழுந்ததா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு.
தெரியாது என்பேன், வகுப்பறையில்.
பீடத்தில் அந்த வார்த்தைக்குத் தைரியம் போதாது.
சில நாள் ஜெபம், எடுக்காத போனுக்கு
மறுபடி மறுபடி அடிப்பது மாதிரி.
ஆனால் மூன்று பேரும் வாயே திறக்கவில்லையென்றால்
நமக்கு எப்படித் தெரிந்தது?
எவளோ ஒருத்தி, எப்போதோ, பாத்திரம் கழுவிக்கொண்டே
பக்கத்திலிருந்தவளிடம் ஆரம்பித்திருக்கிறாள்.
இப்போதைக்கு என் விசுவாசப்பிரமாணம் அவ்வளவுதான்.
கொஞ்சம் குட்டை.

விடியற்காலை ஆராதனையில்
பயம் என்ற இடத்தில் நிறுத்தி, வேதத்தை மூடினேன்.
கீபோர்டுப் பையன் என்னைப் பார்த்தான்.
மாசிலாமணி இருமினார்.
கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடியும்வரை
யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.
மூன்றாம் பெஞ்சில் எப்சிபா குனிந்து
மகள் சடையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.
கேட்டாளா, இல்லையா?

மத்தியானம் போன்.
"பையனோட அம்மா தண்டையார்பேட்டைல கீறாங்களாம்.
நாங்க மூணு பேரும் போறோம். நீங்களும் வாங்களேன்.
படிச்சவங்க."

டோல்கேட் வரை ஷேர் ஆட்டோ.
கோமளா வாழைப்பழம் வாங்கிவந்திருந்தாள்,
சாவு வீட்டுக்கு எதைக் கொண்டுபோவதென்று தெரியாமல்.
யார் முதலில் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை.
நூர்ஜகான் அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்,
அல்லது நான் அவளுடையதை.