ஆறு டிகிரி

டனீடின் நகரில் ஜூலை.
படுக்கையறைச் சுவரில்
கறுப்பாய்ப் படர்ந்திருந்த பூஞ்சைக்கு
மராமா வைத்த பெயர்
ஐந்தாம் குடித்தனம்.

சட்டம், இரண்டாம் ஆண்டு.
ஒப்பந்தங்கள் பாடத்தில் முதல் மதிப்பெண்;
சொந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல்தான்
கையெழுத்திட்டிருந்தாள்.

தினமும் காலை வெப்பமானி பார்த்து
பாடநூலின் ஓரத்தில் குறித்தாள்: ஆறு. ஏழு. ஆறு.
மூச்சு புகையாய் வந்த நாளில் ஐந்து.

தீர்ப்பாயத்தில் வீட்டுக்காரர் சிரித்தார்:
"நானும் மாணவனாய் அதே அறையில்தான் கிடந்தேன்.
குளிர் யாரையும் கொன்றுவிடவில்லை."

நடுவர் நிமிர்ந்தார்:
"அப்படியானால், உங்களுக்குத் தெரியும்?"

அறுநூறு டாலர் திரும்பி வந்தது.

பிப்ரவரியில் அந்தத் தெரு வழியே போனாள்.
சுவருக்குப் புது வெள்ளை.
சன்னலில் யாரோ ஒரு பையன்
திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தான்.
கதவைத் தட்டி
வெப்பமானியை நீட்டினாள்.