வெசிக்கு வழி இல்லை

பார்னுத் துறைமுகம். பின்னிரவு இரண்டே முக்கால்.
தென்மேற்குக் காற்று வளைகுடாவைத் தூக்கி
ஆற்றின் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது.
நீர்மட்டம் பதியும் நிரலோ
நேற்று மாலை ஐந்து மணியோடு வாய்மூடிவிட்டது.

ஹெல்வே கையால் ஓட்டிப் பார்க்கிறாள்: ஓடுகிறது.
சேவையாக விட்டுப் பார்க்கிறாள்: விழுகிறது.
அதே நிரல், அதே கோப்பு, அதே கடல்.
பதிவேட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
அனுமதி மறுக்கப்பட்டது.

கையால் ஓட்டும்போது அவள் ரூட்.
கேட்பார் இல்லை.
பின்னணியில் ஓடுவது வெசி என்றொரு பயனர்.
அவர்கள் மொழியில் வெசி என்றால் தண்ணீர்.
வீட்டுக் கோப்புறை கிடையாது,
கடவுச்சொல் கிடையாது, திரையும் கிடையாது.
அழுதாலும் பதிவேட்டில்தான் அழவேண்டும்,
அதையும் யாராவது திறந்து பார்த்தால்தான் உண்டு.

மூன்றரைக்கு,
பார்க்க ஆளில்லாத தைரியத்தில்,
எல்லாரும் ஒருநாள் செய்வதை அவளும் செய்தாள்:
ஏழு, ஏழு, ஏழு.
போவோர் வருவோர் எல்லாரும் படிக்கலாம், எழுதலாம்.
கோப்பு சத்திரமாயிற்று.

அனுமதி மறுக்கப்பட்டது.

சாமி வரம் கொடுத்தாயிற்று.
பூசாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

தொலைபேசி. இழுவைப்படகிலிருந்து எர்மோ.
"உங்கள் வரைபடம் நேற்றைக்கே நிற்கிறது.
எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சொல்லு."
டார்ச்சோடு இறங்கிப் போனாள்.
படித்துறைக் கம்பத்தில் பெயிண்ட் உரிந்த எண்கள்;
அலை ஒன்றை மறைக்கும், ஒன்றைக் காட்டும்.
மூன்று அலை பொறுத்து, நடுவில் ஓர் எண்ணை நம்பி,
"நூற்றுப் பதின்மூன்று" என்று கத்தினாள்.
கோட்டின் இடது கை முழங்கைவரை நனைந்திருந்தது.

திரும்பி வந்து
தன் பெயரில் பார்ப்பதை விட்டாள்.
வெசியாக உள்ளே போனாள்,
மேல் கோப்புறையிலிருந்து ஒவ்வொரு படியாக.
முதலாவது விட்டது.
இரண்டாவது விட்டது.
மூன்றாவது, புது வட்டில் இருப்பது,
நில் என்றது.

உரிமையாளர்: ரூட்.
மற்றவர்க்கு: கோடு, கோடு, கோடு.
உருவான நேரம்: நேற்று, ஐந்து அடிக்க நான்கு நிமிடம்.

நினைவு வந்தது.
பழைய வட்டு நிரம்பிவிட்டது.
நீச்சல்குள வாசலில் மகன் ஈரத்தலையோடு நிற்பான்.
ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி
மறு கையால் எல்லாவற்றையும் இடம் மாற்றினாள்,
ரூட்டாக. ஓட்டிப் பார்த்தாள், ஓடியது.
ரூட்டுக்கு எதுதான் ஓடாது.

"அட, நானா" என்றாள்
யாரும் இல்லாத அறைக்கு.

கடந்துபோகும் உரிமை மட்டும், ஓர் எழுத்து,
வெசியின் குழுவுக்கு.
பிறகு சத்திரத்தைக் காலி செய்தாள்:
ஆறு, நான்கு, பூஜ்யம்.
நான்கு பத்துக்கு முதல் வரி விழுந்தது: 121.
அடுத்ததற்கும் காத்திருந்தாள்,
ஒன்றை நம்பிப் பழக்கமில்லை.

வரைபடத்தில் பதினோரு மணி நேரம் வெள்ளையாகக் கிடக்கிறது.
அதற்குள் ஒரே ஒரு புள்ளி.
பக்கத்தில் குறிப்பு:
கண்ணால் பார்த்தது. ஹெல்வே.